மாட்டுத் தீனி: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன், இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. காலையில் பால் சொசைட்டியில் கேனோடு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பது, சாயங்காலம் போனில் கேட்பது எல்லாம் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதிதாக மாடு வாங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அக்கா, என்ன போட்டாலும் பால் ஏறவில்லை. எந்தத் தீவனம் நல்லது?

தீவனத்தைப் பேசுவதற்கு முன்னால் வயிற்றைப் பேச வேண்டும். மாட்டுக்கு நான்கு அறை உள்ள வயிறு. முதல் அறை பெருவயிறு, டாக்டர்கள் ரூமன் என்பார்கள். இடது பக்கம் முழுக்க அதுதான் அடைத்துக்கொண்டிருக்கும், பெரிய மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அப்புறம் தேன்கூடு மாதிரி உள்தோல் உள்ள இரண்டாவது, புத்தக ஏடு மாதிரி மடிப்பு மடிப்பான மூன்றாவது, நம் இரைப்பை மாதிரி அமிலம் சுரக்கிற நான்காவது.

வைக்கோலையும் புல்லையும் செரிக்கிற சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன, அந்தச் சாற்றில் ஒரு மில்லியில் ஆயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும். அவை நாரைப் புளிக்க வைத்து வெளியேற்றும் அமிலங்கள்தான் மாட்டுக்குச் சக்தி. அதில் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது, பாலில் கொழுப்பாக மாறுகிறது. வேலை முடிந்த நுண்ணுயிர்களும் பின்னால் நான்காவது வயிற்றுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. அதனால் நாம் தொட்டியில் கொட்டுவது மாட்டுக்கு இல்லை, அந்த நுண்ணுயிர்களுக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பெருவயிறு சரியாக வேலை செய்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கையாலேயே பார்க்கலாம். மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். கையை முட்டியாக மடக்கி அந்தக் குழியில் அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளிருந்து ஒரு அலை எழும்பி உங்கள் முட்டியை மெதுவாகத் தள்ளிவிட்டு இறங்கும். இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை வந்தால் நல்லது. ஒன்றோ, அதுவும் இல்லையோ என்றால் அன்றைக்குப் புண்ணாக்கு, மாவு எதையும் போடாமல் நல்ல வைக்கோலும் தண்ணீரும் மட்டும் வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அசைபோடுவது. மதியம் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை ஐம்பது அறுபது தடவை மென்று விழுங்கி, அடுத்ததை மேலே கொண்டுவரும், ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதற்கே போகும். மென்றுகொண்டே இருக்க இருக்க எச்சில் ஊறும், நூறு லிட்டர் வரைக்கும் ஊறும், அதில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது. பெருவயிறு புளித்துப் போகாமல் காப்பது அந்த எச்சில்தான். நார் குறைந்தால் அசை குறையும், அசை குறைந்தால் எச்சில் குறையும், அப்புறம் எல்லாம் குறையும்.

சாணியையும் பாருங்கள். தோசை மாவு மாதிரி பரவி ஓடக் கூடாது, உருண்டை உருண்டையாகவும் இருக்கக் கூடாது, விழுந்த இடத்தில் வட்டமாக நாலு விரல் உயரம் நிற்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து மாவு சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால், செரிக்காத மக்காச்சோளம் எவ்வளவு வெளியே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கின மக்காச்சோளம்.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் பொங்கல், பழம் எல்லாம் ஊட்டுகிறோமே, அதனால் என்ன?

ஒரு உருண்டை ஊட்டுங்கள், தப்பில்லை. அண்டாவில் மிஞ்சினதைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு கலப்பின மாடு இருந்தது, மூன்றாவது ஈத்து, நேரத்துக்கு எட்டு லிட்டர் கறந்தது. ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள் வீட்டில் மிஞ்சின சோறு, சர்க்கரைப் பொங்கல், பக்கத்து வீட்டார் ஆசையாகக் கொண்டுவந்தது எல்லாம் அதற்கே போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் தீனி எடுக்கவில்லை. விடிகாலையில் சாணி சாம்பல் நிறத்தில் தண்ணியாகப் போனது, மூன்று நாள் புளித்த மாவு வாடை அடித்தது. பல்லை நறநறவென்று கடித்தது. மதியம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது.

நடப்பது இதுதான். வெந்த அரிசியில் இருப்பது மாவுச்சத்து, சீக்கிரம் புளிக்கும். அதைத் தின்கிற பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும், நாரைச் செரிக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகும், உடம்பிலிருக்கும் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும், அமிலம் ரத்தத்தில் ஏறும். சோறு மட்டும் இல்லை, குருணைக் கஞ்சி, கல்யாண வீட்டு மிச்சம், ஊறப்போட்ட கம்பு, கயிறு அவிழ்ந்து மூட்டையில் வாய் வைத்த மக்காச்சோளம் எல்லாம் இதே கதைதான். தெரியாமல் தின்றுவிட்டால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கொடுக்கலாம். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?

தண்ணீரைக் கழித்துவிட்ட எடையில் கணக்குப் போட வேண்டும், இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கறவை மாடு தன் உடம்பு எடையில் 100-க்கு 3 அளவு உலர் பொருள் தின்னும். 400 கிலோ எடை, 10 லிட்டர் பால் என்றால் 12 கிலோ. அதை நான் இப்படிப் பிரிக்கிறேன்: பசுந்தீவனம் 20 கிலோ, அதில் 15 கிலோ புல், 5 கிலோ வேலிமசால் என்கிற பயறு வகைத் தீவனம். வைக்கோலோ சோளத்தட்டையோ 4 கிலோ. அடர்தீவனம், அதாவது தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது, 5 கிலோ.

அடர்தீவனத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: உடம்புக்கு ஒன்றரை கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எருமைக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. அந்தக் கணக்கில் மேலே சொன்ன மாட்டுக்கு ஐந்தரை வரும், வேலிமசால் போடுவதால் அரைக் கிலோ குறைத்திருக்கிறேன். எப்போதும் காலை, மாலை என்று பிரித்துப் போடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் பொங்கல் சோறு செய்கிற வேலையை அதுவும் செய்யும்.

அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாமா?

தாராளமாக. 100 கிலோவுக்கு, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 35, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 25, துவரம் பொட்டு 12, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. தானியத்தை உடைக்க வேண்டும், மாவாக்கக் கூடாது. புண்ணாக்கு வாங்கும்போது உடைத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ பச்சைப் பூப்போ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலையில் வரும் அந்தப் பூஞ்சையின் நஞ்சு, அஃப்ளாடாக்சின், மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு நிற்காமல் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

புண்ணாக்கை ஊறவைத்துத் தண்ணி காட்டுவதுதானே நம் பக்கப் பழக்கம்?

பழக்கம்தான், எங்கள் மாமியாரும் அப்படித்தான் செய்தார். ஆனால் கரைத்துக் கொடுத்தால் மாடு மெல்லாமல் உறிஞ்சிவிடும், எச்சில் ஊறாது. சித்திரை வெயிலில் காலையில் ஊறப்போட்டது மதியத்துக்குள் புளித்தும் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, நறுக்கின வைக்கோலோடு கலந்து வையுங்கள். தண்ணீரைத் தனியாக வையுங்கள். பால் கறக்கிற மாட்டுக்கு வெயில் காலத்தில் 80 லிட்டருக்கு மேலும் தேவைப்படும், அதனால் நாள் முழுக்கத் தொட்டி நிறைந்திருக்கட்டும்.

பருத்திக்கொட்டை?

நல்லது, கொழுப்பு ஏறும். மதுரையில் பருத்திப்பால் குடிக்கிறோம், அதே கொட்டைதான். கறவைக்கு ஒரு கிலோ வரைக்கும் போடலாம். கன்றுக்குட்டிக்குப் போடாதீர்கள், அதிலுள்ள காசிப்பால் என்ற நஞ்சைச் சமாளிக்கும் வயிறு அதற்கு இன்னும் வரவில்லை.

எந்தப் புல் போடலாம்? எவ்வளவு நிலம் வேண்டும்?

கிணறோ போரோ இருந்தால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதில் கோ 4 அல்லது கோ 5, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்கள். இரண்டு பரு உள்ள கரணையை 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அதற்கப்புறம் 45 நாளுக்கு ஒரு தடவை. முற்ற விட்டால் நாராகித் தண்டை மாடு ஒதுக்கும், ரொம்ப இளசாக அறுத்தால் வெறும் தண்ணீர். ஏட்டில் ஏக்கருக்கு வருசம் 150 டன் என்று இருக்கும். நம் தண்ணீருக்கும் நம் கவனிப்புக்கும் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படிப் பார்த்தால் ஒரு மாட்டுக்கு 10, 12 சென்ட் போதும்.

ஆனால் புல் மட்டும் போதாது, பயறு வகை ஒன்று கூடவே வேண்டும். நம் பக்கத்துக்கு எனக்குப் பிடித்தது வேலிமசால். ஒரு தடவை விதைத்தால் வருசக்கணக்கில் நிற்கும், வறட்சியும் தாங்கும். விதையின் தோல் கெட்டி, கொதித்து இறக்கின சுடுதண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து விதைத்தால்தான் முளைக்கும். முளைக்கவில்லை என்று என்னிடம் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாதவர்கள். சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு அகத்தி வரமாகவே கிடைக்கிறது, வெற்றிலைக் கொடி ஏற நட்டதுதான், கழித்துப் போடும் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல புரதம். சவுண்டல், அதாவது சூபாபுல் மர இலையும் போடலாம், ஆனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதிலுள்ள மைமோசின் முடி உதிர வைக்கும்.

மானாவாரிக் காடு என்றால் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும். ஒரு மழையில் முளைத்து அடுத்த மழை வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குச் சோளம்தான். இளஞ்சோளம் தின்றால் மாடு செத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், கள்ளிக்குடி, எங்கெல்லாம் மானாவாரிச் சோளம் உண்டோ அங்கெல்லாம் இதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். இளம் சோளப்பயிரில் தூரின் என்ற பொருள் இருக்கிறது, அது பெருவயிற்றில் உடைந்து சயனைடாக மாறும். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழை ஏமாற்றி, பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம். அறுத்த தாளில் மழைக்கு அப்புறம் துளிர்க்கும் இளங்குருத்திலும் அதே ஆபத்து. வாடுகிற பயிர்தானே, வீணாகப் போகிறதே என்று மாட்டை அவிழ்த்து விட மனம் சொல்லும், அந்த நேரத்தில்தான் விடக் கூடாது.

பூ எடுத்த பயிரை அறுத்துப் போடுங்கள். கோ எஃப்எஸ் 29 மாதிரி பல முறை அறுக்கும் சோளத்தை முதல் தடவை 65 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒரு தடவை அறுக்கச் சொல்கிறார்கள், அந்த நாள் கணக்கை அவசரப்பட்டு மீறாதீர்கள். நன்றாகக் காய வைத்த தட்டையில் பயம் குறைவு. நஞ்சு ஏறின மாடு மூச்சு வாங்கும், தடுமாறும், வாயின் உள்தோல் ரத்தச் சிவப்பாகத் தெரியும், கால் மணி நேரத்தில்கூட விழுந்துவிடும். இதற்கு டாக்டரிடம் சோடியம் தயோசல்ஃபேட் ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும். கைவைத்தியம் பார்த்து நேரத்தை விடாதீர்கள்.

வைக்கோலை யூரியா போட்டுச் சத்தாக்கலாம் என்கிறார்களே?

ஆமாம், கோடைக்கு நான் செய்வேன். வெறும் நெல் வைக்கோலில் புரதம் 100-க்கு 3, 4தான், அதனால்தான் வைக்கோலை மட்டும் தின்கிற மாடு வயிறு நிறைந்தும் எலும்பும் தோலுமாக நிற்கிறது. 100 கிலோ வைக்கோல், 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். தரையில் தார்ப்பாய் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, கரைத்த தண்ணீரைப் பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து அமுக்கி, மேலே தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி ஓரத்தில் மண் போட்டுவிடுங்கள். 21 நாள். பிரித்தால் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து ஒரு மணி நேரம் காற்றில் ஆறப்போட்டு, முதல் வாரம் பழைய வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். புரதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், வைக்கோலும் மென்மையாகும்.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்கு வேண்டாம். யூரியா கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள், குடித்துவிட்டால் அரை மணியில் வயிறு உப்பி விழும். தெளிக்கும்போது அளவு தெரியாமல் கூட்டினாலும் ஆபத்துதான், தராசில் நிறுத்துச் செய்யுங்கள்.

அசோலா?

தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி அது, வளர்க்கலாம், கோழிக்கும் கன்றுக்கும் நல்லது. ஆனால் அசோலாவை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தியவர்களைப் பார்த்து வருத்தப்படுகிறேன். 2 கிலோ அசோலாவில் தண்ணீர் போக மிஞ்சுவது 100 முதல் 140 கிராம். அதில் புரதம் கால் பங்கு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாலில் கொழுப்பு குறைகிறது, சொசைட்டியில் விலையைக் குறைக்கிறார்கள்.

முதலில் நாரைப் பாருங்கள். மழைக்காலத்தில் வரப்புப் புல்லை மட்டும் வெட்டிப் போட்டால் பால் கூடும், கொழுப்பு குறையும், ஏனென்றால் அது நார் இல்லாத இளம் புல். அன்றைக்கும் 3, 4 கிலோ வைக்கோல் உள்ளே போக வேண்டும். மிஷினில் பொடிப்பொடியாக நறுக்கினாலும் அசை குறையும், ஒரு அங்குல நீளம் இருக்கட்டும். எஸ்என்எஃப், அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள், குறைந்தால் பெரும்பாலும் சக்தி போதவில்லை என்று பொருள், தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எதை மாற்றினாலும் பத்துப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள், புதுத் தீனிக்கு ஏற்ற நுண்ணுயிர் வயிற்றில் பெருக அவ்வளவு நாள் ஆகும். இன்றைக்கு ஒரு கம்பெனி மூட்டை, அடுத்த வாரம் இன்னொன்று என்று தாவுகிற வீட்டில் பால் நிலையாக இருந்து நான் பார்த்ததில்லை.

கன்று ஈன்ற மறுநாள் மாடு எழுந்திருக்கவில்லை, காது சில்லிட்டிருக்கிறது. வாயு பிடித்திருக்குமா?

வாயு இல்லை. தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தால் பால் சுரம், ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் கண் முன்னால் எழுந்து நிற்கும். தினமும் 50 கிராம் தாது உப்பு வருசம் முழுக்க விடாமல் கொடுங்கள். நெல் வைக்கோலிலும் கரும்புத் தோகையிலும் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், அவற்றையே நம்பியிருக்கிற நம் பக்கத்து மாடுகளுக்கு இது கண்டிப்பாக வேண்டும்.

கன்றுக்கு எப்போது புல்?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வேலை செய்யாது, பால் நேரே நான்காவது வயிற்றுக்குப் போகும். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் ஒரு கைப்பிடியும், காய்ந்த இளம் புல் கொஞ்சமும் வாய்க்கெட்டும் உயரத்தில் வையுங்கள். தின்னத் தின்னத்தான் அந்த வயிறு வளரும்.

ஜல்லிக்கட்டுக் காளைக்கு?

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் என்று காளை விடுகிறவர்கள் மார்கழியில் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், உளுந்து என்று கொட்டுவார்கள். காளையின் வயிறும் இதே வயிறுதான். நாட்டுத் தட்டையும் புல்லும் அடிப்படையாக இருக்கட்டும், மற்றதை ஐப்பசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நம் புலிக்குளம் மாடுகள் கிடை போட்டு அறுவடைக் காட்டில் மேய்ந்து வாழ்ந்தவை, நார் தின்று பலப்பட்ட இனம்.

மார்க்கெட் கழிவு இலை சும்மா கிடைக்கிறதே?

மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை அள்ளலாம்தான். ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பை பெருவயிற்றுக்குள் போனால் வெளியே வராது, வருசக்கணக்கில் சேர்ந்து பந்தாகும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கட்டுக்கம்பி இன்னும் மோசம், இரண்டாவது வயிற்றிலிருந்து குத்திக்கொண்டு இதயத்துக்கே போகும்.

ஆட்டுக்குச் சீமைக்கருவேல நெற்று?

இனிப்பாக இருக்கும், ஆசையாகத் தின்னும். இடித்துத் தூளாக்கி, அடர்தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் போடுங்கள். முழுசாகப் போட்டால் விதை அப்படியே புழுக்கையில் வெளியே வந்து உங்கள் காடெல்லாம் முளைக்கும். மழை தொடங்கினதும் முளைக்கும் இளம்புல்லில் மந்தையை வயிறு முட்ட மேய விடாதீர்கள், அப்படி மேய்ந்தால் வரும் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி மழைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

வயிறு உப்பினால்?

இடது பக்கம் மத்தளம் மாதிரி இருந்தால் முன்னங்கால் மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள், கால் லிட்டர் கடலை எண்ணெயை மெதுவாகக் கொடுங்கள், 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வண்டி வருவதற்குள், கடைசியாக எப்போது அசைபோட்டது, எப்போது சாணி போட்டது, நேற்றிலிருந்து புதிதாக என்ன தின்றது என்று மூன்றையும் யோசித்து வையுங்கள். டாக்டர் இறங்கினதும் முதலில் கேட்பது அதைத்தான்.